முதுகு காட்டும் கூட்டத்தைச் சிரிக்க வைத்தவர்கள்

1894-ம் ஆண்டு. லண்டனுக்குத் தென்மேற்கே ஆல்டர்ஷாட் என்றொரு ஊர். ராணுவ முகாமைச் சுற்றியே வளர்ந்த ஊர். அங்கே ‘கேன்டீன்’ என்ற பெயரில் ஓர் அரங்கம் இருந்தது. அழுக்குப் பிடித்த, மட்டமான இடம். வருகிறவர்கள் பெரும்பாலும் சிப்பாய்கள். மேடையில் யார் பாடுகிறார்கள் என்பது அவர்களுக்குப் பெரிய விஷயம் இல்லை. பிடித்தால் சரி. பிடிக்கவில்லை என்றால் பாடுகிறவரை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார்கள்.

அன்றைக்கு மேடையில் நின்றவர் லில்லி ஹார்லி. அது மேடைப் பெயர். நிஜப் பெயர் ஹன்னா. கணவரைப் பிரிந்து, இரண்டு பையன்களைத் தனியாக வளர்த்துக்கொண்டிருந்தவர். அவருக்குத் தொண்டைதான் எதிரி. லேசாகச் சளி பிடித்தாலே குரல் கம்மிவிடும், வாரக்கணக்கில் தேறாது. ஓய்வெடுக்கலாம் என்றால் வருமானம் நின்றுவிடும். பாடிப் பாடியே குரல் இன்னும் மோசமானது.

அன்றிரவு பாட்டின் நடுவே அந்தக் குரல் உடைந்து, வெறும் காற்றாகிப் போனது. சிப்பாய்கள் சிரித்தார்கள். கீச்சுக் குரலில் அவரைப்போலவே பாடிக் காட்டினார்கள். பூனைபோலக் கத்தினார்கள். சத்தம் தாங்காமல் ஹன்னா மேடையைவிட்டு இறங்கிவிட்டார். பக்கவாட்டில் நின்றிருந்த மேடை மேலாளருடன் ஏதோ வாக்குவாதம். வாடகை அறையில் தனியாக விட்டுவிட்டு வர மனமில்லாமல் அவர் தினமும் அரங்குக்கு அழைத்துவரும் ஐந்து வயது மகன், அங்கேதான் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பையன் அம்மாவின் நண்பர்கள் முன்னால் பாடிக் காட்டியதை மேலாளர் ஏற்கெனவே பார்த்திருந்தார். வேறு வழி தெரியாமல் அவன் கையைப் பிடித்து மேடைக்கு இழுத்துப்போய், நாலு வார்த்தை சொல்லி அறிமுகப்படுத்திவிட்டு, அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டார்.

கண்ணைக் கூசும் விளக்கு. புகைக்குள் மங்கலாகத் தெரியும் முகங்கள். பையன் பாட ஆரம்பித்தான். எந்தச் சுருதி என்று தெரியாமல் வாத்தியக்காரர்கள் தடவித் தடவி ஒருவழியாக அவனைப் பிடித்தார்கள். திடீரென்று காசு வந்து சேர்ந்ததும் பழைய நண்பர்களை மறந்துபோன ஜாக் ஜோன்ஸ் என்ற ஆளைக் கிண்டல் செய்யும் பாட்டு அது. அப்போது ஊரெல்லாம் பிரபலம்.

பாதிப் பாட்டில் மேடைமேல் காசு மழை. பையன் உடனே பாட்டை நிறுத்தினான். முதலில் காசைப் பொறுக்கிக்கொள்கிறேன், பிறகு பாடுகிறேன் என்று கூட்டத்துக்கே அறிவித்தான். அரங்கம் வெடித்துச் சிரித்தது. உதவி செய்ய மேலாளர் கைக்குட்டையோடு வந்தார். இவர் காசை அமுக்கிவிடுவாரோ என்று பையனுக்குச் சந்தேகம். பதறிப்போய் அவர் பின்னாலேயே ஓடினான். சிரிப்பு இன்னும் கூடியது. காசு அம்மா கைக்குப் போய்ச் சேர்ந்ததைக் கண்ணால் பார்த்த பிறகுதான் திரும்பி வந்து பாட்டைத் தொடர்ந்தான்.

அதற்குப் பிறகு ஆட்டம், அரட்டை, மற்றவர்களைப்போல நடித்துக்காட்டுவது எல்லாம் நடந்தது. அம்மா வழக்கமாகப் பாடும் ஓர் அணிவகுப்புப் பாட்டையும் பாடினான். பாடும்போது, விவரம் தெரியாத வயசு, அம்மாவின் குரல் எப்படி உடைந்ததோ அப்படியே உடைத்துக் காட்டினான். கூட்டம் எழுந்து ஆரவாரம் செய்தது. இன்னும் காசு விழுந்தது. அவனை அழைத்துப்போக ஹன்னா மேடைக்கு வந்தபோது அவருக்கும் பலத்த கைதட்டல்.

அந்தப் பையன் சார்லி சாப்ளின். 1964-ல் வெளியான சுயசரிதையில் இந்த இரவைப் பற்றி எழுதும்போது, அது தன் முதல் மேடை என்றும் அம்மாவின் கடைசி மேடை என்றும் சொல்கிறார். எழுபது வருடம் கழித்து எழுதிய நினைவு. அங்கங்கே கொஞ்சம் மெருகு ஏறியிருக்கலாம். ஆனால், கேட்க வராத கூட்டத்தின் முன்னால் சிரிப்புப் பாட்டு பாடுகிற தொழிலைப் பற்றி இதைவிடச் சுருக்கமாக யாரும் சொன்னதில்லை. அதன் லாபம், நஷ்டம், குரூரம் எல்லாமே அந்தச் சில நிமிடங்களில் இருக்கின்றன.

கேட்காத காதுக்கு ஒரு பாட்டு

இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து, ஆஸ்திரேலியா என்று பப் கலாசாரம் உள்ள எல்லா ஊர்களிலும் இந்தத் தொழில் இன்றும் நடக்கிறது. ஒருவர் கிட்டாரோடோ கீபோர்டோடோ வருவார். மூலையில் ஒரு மைக். சிரிப்பு வரும்படி தானே எழுதிய பாட்டுகளைப் பாடுவார். எதிரே இருப்பவர்களில் பாதிப்பேருக்கு இன்று நிகழ்ச்சி இருக்கிறது என்பதே தெரியாது. நண்பனைப் பார்க்க வந்தவர்கள், அலுவலகம் முடிந்து வந்தவர்கள், டிவியில் கால்பந்து பார்க்க வந்தவர்கள்.

கல்யாண ரிசப்ஷனில் பாடும் குழுவின் கஷ்டம் நமக்குத் தெரியும். அவர்கள் நிலைமையாவது பரவாயில்லை. யாரும் கவனிக்காவிட்டாலும் பாட்டு பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கும், விருந்துக்கு அதுவும் ஓர் அழகு. தனியாக மைக் பிடித்து ஜோக் சொல்லும் ஸ்டாண்ட்-அப் கலைஞருக்கும் ஒரு வசதி உண்டு. கூட்டம் கவனிக்கவில்லையா? எழுதிவந்ததைத் தூக்கிப் போட்டுவிட்டு, முன்வரிசையில் இருப்பவரின் சட்டையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடலாம்.

இசை நகைச்சுவைக்காரருக்கு இரண்டு வசதியும் கிடையாது. ஜோக் பாட்டுக்குள் இருக்கிறது. அதுவும் பெரும்பாலும் அடியின் கடைசி வார்த்தையில், எதுகையோடு வந்து விழும் இடத்தில் இருக்கிறது. அந்த ஒரு வார்த்தை காதில் விழாவிட்டால் அதற்கு முன்னால் பாடிய நாலு வரியும் வீண். சரியாக அந்த வார்த்தை வரும்போதுதான் காபி மெஷின் சீறும். கல்லாப்பெட்டி மணியடிக்கும். யார் கையிலிருந்தோ கண்ணாடி டம்ளர் விழுந்து நொறுங்கும். பிரிட்டிஷ் பப்பில் டம்ளர் உடைந்தால் ஒட்டுமொத்தக் கூட்டமும் ‘ஹே...’ என்று ஆரவாரம் செய்வது நெடுநாள் வழக்கம். மேடையில் இருப்பவருக்கு அன்றைக்குக் கிடைக்கும் மிகப் பெரிய கைத்தட்டல் அந்த டம்ளருக்குப் போய்விடும்.

ஒரு விஷயத்தைப் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். நடுவே கத்துகிறவர்தான் கலைஞரின் எதிரி என்று நினைக்கிறார்கள். கத்துகிறவர் கேட்டுக்கொண்டிருக்கிறார். கேட்காமல் கிண்டல் செய்ய முடியாது. அவருக்குப் பதில் சொல்லலாம், அவரையே அடுத்த வரியாக்கலாம். முதுகைக் காட்டிக்கொண்டு, குரலை மட்டும் கொஞ்சம் உயர்த்தி, தன் கதையைத் தொடர்கிறாரே, அவரை என்ன செய்வது? அவர் மேல் கோபப்படவும் முடியாது. அவர் தன் காசில், தன் நேரத்தில், தன் ஊர்க் கடையில் உட்கார்ந்திருக்கிறார். நடுவில் வந்து புகுந்தவர் பாடகர்தான்.

அதனால் இந்தப் பாட்டுகள் கேட்காத காதுக்கென்றே தைக்கப்படுகின்றன. பல்லவி சீக்கிரம் வரும், அடிக்கடி வரும். கழிப்பறைக்குப் போய்விட்டு வருகிறவர்கூட வந்த இடத்தில் சேர்ந்துகொள்ளலாம். ஏற்கெனவே ஊருக்குத் தெரிந்த மெட்டை எடுத்துக்கொண்டு வார்த்தையை மாற்றுவது இன்னொரு வழி. தெரிந்த மெட்டு என்றால் தலை தானாகத் திரும்பும். திரும்பிய பிறகுதான் வார்த்தை வேறாக இருப்பது உறைக்கும். சிரிப்பு வந்தால் அடுத்த வரி அதில் மூழ்கிவிடக் கூடாது. எனவே சத்தம் அடங்கும்வரை அதே இரண்டு ஸ்வரக்கட்டை வாத்தியம் சுற்றிச் சுற்றி வாசிக்கும். அந்தக் காலத்து மியூசிக் ஹால் பாட்டுப் புத்தகங்களில் பாட்டின் ஆரம்பத்தில் ‘டில் ரெடி’ என்றே அச்சடித்திருப்பார்கள். பாடுகிறவர் தயாராகும்வரை இதையே வாசித்துக்கொண்டிரு என்று பொருள்.

எல்லாவற்றையும்விட வலுவான ஆயுதம், பாட்டைச் சட்டென்று நிறுத்துவது. இரைச்சலுக்குப் பழகிய காது திடீர் அமைதிக்குத் திடுக்கிடும். நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். ஐந்து வயது சாப்ளின் காசுக்காக நிறுத்தினான். தெரிந்து செய்தது கிடையாது. அரங்கில் அந்த நிமிடம் என்ன நடந்துகொண்டிருந்ததோ அதைப் பற்றிப் பேசினான், அவ்வளவுதான். பெரியவர்கள் இதைக் கற்றுக்கொள்ள வருடக்கணக்கில் அடிபடுகிறார்கள்.

பாட்டு பாடு, பீர் விற்கட்டும்

குடிக்கும் இடத்தில் ஏன் பாட்டு வந்தது? இங்கிலாந்தில் 1843-ல் வந்த நாடக அரங்குச் சட்டத்துக்கு இதில் பெரிய பங்கு உண்டு. நாடகம் போடும் அரங்கில் பார்வையாளர்கள் உட்கார்ந்த இடத்தில் குடிக்க முடியாது. குடிக்க அனுமதி உள்ள இடத்தில் நாடகம் போட முடியாது. ஆனால் பாட்டு பாடலாம், வித்தை காட்டலாம். விடுதிக்காரர்கள் எதைத் தேர்ந்தெடுப்பார்கள் என்று சொல்லவா வேண்டும்? விடுதியை ஒட்டிப் பாட்டுக்கூடங்கள் கட்டினார்கள். சார்லஸ் மார்ட்டன் என்பவர் லண்டன் லாம்பெத் பகுதியில் தன் விடுதியை ஒட்டி 1852-ல் திறந்த கேன்டர்பரி ஹால் இதில் முன்னோடி. இப்படி வளர்ந்ததுதான் மியூசிக் ஹால்.

ஆரம்ப கால ஹால்களில் வரிசை நாற்காலிகள் கிடையாது. மேஜைகள். மேஜைமேல் சாப்பாடு, குடி. கூட்டத்தைக் கட்டுப்படுத்த ‘சேர்மன்’ என்று ஒருவர், கையில் மரச் சுத்தியலோடு உட்கார்ந்திருப்பார். அடுத்துப் பாடப்போவது யார் என்று அறிவிப்பார். சத்தம் அதிகமானால் மேஜையில் தட்டுவார். கூட்டத்தைக் குடிக்கத் தூண்டுவதும் அவர் வேலைதான். ஒரு கையால் அமைதிப்படுத்திக்கொண்டே மறு கையால் ஊற்றிக்கொடுப்பது! அந்த வியாபாரத்தின் முரண்பாடே இதுதான். பாட்டு நன்றாக இருந்தால் கூட்டம் வரும். கூட்டம் குடித்தால் பாட்டைக் கேட்காது. குடிக்காவிட்டால் ஹால் ஓடாது.

இதில் பாடகர்கள் விளம்பரப் பலகையாகவும் ஆனார்கள். 1866-ல் ‘ஷாம்பெய்ன் சார்லி’ என்ற பாட்டால் கொடிகட்டிப் பறந்தவர் ஜார்ஜ் லேபோர்ன். தொப்பியும் கோட்டும் போட்ட பணக்கார மைனர்போல வேஷம். பாட்டு முழுக்க ஷாம்பெய்ன் புகழ். போட்டிக்கு இன்னொரு பாடகர் வேறொரு ஷாம்பெய்ன் கம்பெனியைப் புகழ்ந்து பாடினார். லேபோர்ன் 1884-ல், தன் நாற்பதுகளின் தொடக்கத்திலேயே இறந்துபோனார்.

சாப்ளினின் அப்பாவும் மியூசிக் ஹால் பாடகர்தான். பெயர் அதே சார்லஸ் சாப்ளின். பாடி முடித்த கலைஞர் நேராக வீட்டுக்குப் போய்விட முடியாது, அரங்கின் பாருக்குப் போய் வாடிக்கையாளர்களோடு உட்கார்ந்து குடிக்க வேண்டும் என்பது அந்தக் காலத்து எதிர்பார்ப்பு என்று சாப்ளின் எழுதுகிறார். சில அரங்குகளுக்கு டிக்கெட்டைவிட பார்தான் அதிகம் சம்பாதித்துக் கொடுத்தது. சில நட்சத்திரங்களுக்குப் பெரிய சம்பளம் கிடைத்ததே, அதை அவர்கள் அந்த பாரிலேயே செலவழித்துவிடுவார்கள் என்பதால்தானாம். அப்பா அப்படி அழிந்தவர்களில் ஒருவர். 1901-ல், நாற்பதை எட்டாமலே குடியால் போய்ச் சேர்ந்தார். மகனுக்கு அப்பாவைப் பற்றி இருந்த சொற்ப நினைவுகளில் ஒன்று, அதே கேன்டர்பரி ஹாலில் சிவப்பு வெல்வெட் இருக்கையில் உட்கார்ந்து அவர் பாடுவதைப் பார்த்தது.

மாடியில் இருக்கும் பையன்

அப்பா பரிசாரகர், மகள் பாடகி. மேரி லாய்டின் கதை இப்படித்தான் ஆரம்பிக்கிறது. 1870-ல் லண்டன் ஹாக்ஸ்டனில் பிறந்தவர். நிஜப் பெயர் மடில்டா வுட். சிட்டி ரோட்டில் இருந்த ஈகிள் என்ற விடுதியில் அப்பா பகுதிநேரமாக மேஜைகளுக்குப் பரிமாறிக்கொண்டிருந்தார். அந்த விடுதியைச் சேர்ந்த மேடையிலேயே 1885-ல், பதினைந்து வயதில், மகள் பாட ஏறினார். அடுத்த முப்பது வருடங்களுக்கு மியூசிக் ஹாலின் ராணி அவர்தான்.

அவர் முதலில் பேர் வாங்கிய பாட்டு, உண்மையில் நெல்லி பவர் என்ற வேறொரு பாடகிக்காக எழுதப்பட்டது. தன் காதலன் மேலே காலரியில் உட்கார்ந்து தன்னையே பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று ஒரு பெண் பாடும் பாட்டு. காலரி என்றால் ஆக மலிவான டிக்கெட், ஆகப் பெரிய சத்தம். அங்கே பார்த்து, விரல் நீட்டி, உன்னைத்தான் சொல்கிறேன் என்று பாடினால் என்ன ஆகும்? மாடியில் இருக்கும் ஒவ்வொரு பையனும் வாயை மூடிக்கொண்டு, அது நானா என்று பார்ப்பான். இருப்பதிலேயே அடங்காத கூட்டத்தைப் பாட்டின் கதாநாயகன் ஆக்கிவிடும் தந்திரம். அதன் பிறகு மேரி லாய்டின் ஆயுதமாக ஆனது கண்சிமிட்டல். எழுத்தில் பார்த்தால் ஒரு தப்பும் இல்லாத வரி, அவர் கண்ணைச் சிமிட்டிப் பாடினால் வேறு அர்த்தம் ஆகிவிடும். சத்தத்தில் வார்த்தை காதில் விழாதவர்களுக்கும் கண்சிமிட்டல் தெரியும்.

பிறகு ஹால்கள் பணக்காரத்தனமாக மாறின. மேஜைகள் போயின, மேடையைப் பார்த்த நிலையான இருக்கைகள் வந்தன. பார் கூடத்துக்கு வெளியே தள்ளப்பட்டது. 1912-ல் மியூசிக் ஹால் கலைஞர்கள் அரசர் முன்னிலையிலேயே நிகழ்ச்சி நடத்தினார்கள். மேரி லாய்டுக்கு அதில் இடம் கொடுக்கவில்லை. அந்தக் கண்சிமிட்டல் அரண்மனைக்கு ஆகாது என்று நினைத்தார்கள் போலும்.

சுருதி சேர்க்கும் அரை நிமிடம்

சினிமாவும் டிவியும் வந்து மியூசிக் ஹாலை முடித்துவைத்தன. ஆனால் பப் மூலையில் நிற்கும் பாடகர் ஒழியவில்லை. 1960-களில் நாட்டுப்புறப் பாட்டு மோகம் பிரிட்டனில் பரவியபோது, பப்களின் மாடி அறைகளிலும் பின்னறைகளிலும் ‘ஃபோக் கிளப்’கள் முளைத்தன.

கிளாஸ்கோவில் கிளைட் நதிக்கரைக் கப்பல் கட்டும் தளத்தில் வெல்டர் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர் பில்லி கானலி. 1942-ல் பிறந்தவர். பேஞ்சோ வாசிப்பார். டாம் ஹார்வி என்ற கிட்டார்காரருடன் சேர்ந்து ‘ஹம்பிள்பம்ஸ்’ என்ற குழுவை ஆரம்பித்தார். 1969-ல் ஜெர்ரி ராஃபர்டி அதில் சேர்ந்தார். பின்னாளில் ‘பேக்கர் ஸ்ட்ரீட்’ பாட்டால் உலகப் புகழ் பெற்ற அதே ராஃபர்டி. ஸ்டாக்வெல் தெருவில் இருக்கும் ஸ்கோஷியா பார் போன்ற இடங்கள்தான் அவர்களுடைய உலகம்.

பேஞ்சோ, கிட்டார் எல்லாம் அடிக்கடி சுருதி கலையும். ஒரு பாட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே அரை நிமிடம் தந்திகளைத் திருகிக்கொண்டு நிற்க வேண்டும். பப்பில் அந்த அரை நிமிடம் ஆபத்தானது. பாட்டு நின்றதும் பேச்சு ஆரம்பித்துவிடும், ஆரம்பித்த பேச்சை நிறுத்துவது கடினம். அதனால் ஃபோக் பாடகர்கள் சுருதி சேர்த்துக்கொண்டே ஏதாவது பேசுவார்கள். அடுத்த பாட்டைப் பற்றி ஒரு கதை, ஒரு கிண்டல். கானலி பேச ஆரம்பித்தால் நிற்காது. அரை நிமிடம் ஐந்து நிமிடம் ஆனது, ஐந்து நிமிடம் அதற்கும் மேல் ஆனது. கப்பல் தளத்தில் வேலைக்கு நடுவே ஆட்கள் ஒருவரையொருவர் கலாய்த்துக்கொள்ளும் பாஷை அது. பப்பில் உட்கார்ந்திருந்தவர்களுக்குச் சொந்த பாஷை. பாட்டுக்குத் திரும்பாத முதுகுகள் பேச்சுக்குத் திரும்பின. நல்ல பாட்டுகளை எழுதி வைத்துக்கொண்டு பக்கத்தில் காத்திருந்த ராஃபர்டியின் நிலைமையையும் யோசித்துப் பார்க்க வேண்டும். 1971-ல் இருவரும் பிரிந்தார்கள்.

கானலி தனியாக, பேஞ்சோவையும் விடாமல், கதை சொல்லப் போனார். 1975-ல் அவருடைய ஒரு பாட்டு பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. அமெரிக்கப் பாடகி டாமி வைனெட் 1968-ல் பாடிய ஒரு சோகப் பாட்டு உண்டு. குழந்தைக்குப் புரியக் கூடாது என்பதற்காக ஒரு தாய் ‘டைவர்ஸ்’ என்ற வார்த்தையை எழுத்துக்கூட்டிச் சொல்லும் பாட்டு. கானலி அதே மெட்டில், கால்நடை மருத்துவரிடம் அழைத்துப்போகும் நாய்க்குப் புரியக் கூடாது என்று வார்த்தைகளை எழுத்துக்கூட்டினார். தெரிந்த மெட்டு, தெரியாத வார்த்தை. பப்பில் பழகிய பாடம்.

அதே 1975-ல் பர்மிங்காம் பக்கத்து ஃபோக் கிளப்பிலிருந்து வந்த ஜாஸ்பர் கேரட்டும் லங்காஷயர் பக்கத்து மைக் ஹார்டிங்கும் சிரிப்புப் பாட்டுகளால் ஹிட் பட்டியலுக்குள் நுழைந்தார்கள். கேரட்டின் ரெக்கார்டு ஐந்தாம் இடம்வரை போனது. ஜனங்கள் அதை வாங்கியது முன்பக்கத்துப் பாட்டுக்காகவா, பின்பக்கத்தில் அவர் பேசியிருந்த கிண்டலுக்காகவா என்று கேட்டால், பின்பக்கத்துக்காகத்தான். மூன்று பேருமே பாடகர்களாகக் கிளம்பி, கூட்டத்தை உட்கார வைக்கப் பேசப்போய், நகைச்சுவைக்காரர்களாகக் கரை ஏறியவர்கள்.

குரலை உயர்த்துவதுதான் வழி என்று நினைத்துவிட வேண்டாம். 1998-ல் நியூசிலாந்தின் வெலிங்டனில் இரண்டு கல்லூரி நண்பர்கள், பிரெட் மெக்கன்சியும் ஜெமைன் கிளமெண்டும், ‘ஃப்ளைட் ஆஃப் தி கான்கார்ட்ஸ்’ என்று ஒரு ஜோடியாகக் கிளம்பினார்கள். இரண்டு நாற்காலி, இரண்டு கிட்டார். பாட்டுக்கு நடுவே அவர்கள் பேசுவது பஸ்ஸில் பக்கத்து சீட்காரரிடம் பேசுவதைப்போல இருக்கும், அவ்வளவு தணிவு. கேட்க வேண்டுமென்றால் நீங்கள்தான் முன்னால் சாய வேண்டும். தங்களை நியூசிலாந்தின் நான்காவது பிரபலமான ஜோடி என்று அறிமுகப்படுத்திக்கொள்வார்கள். முதல் மூன்று பேர் யார் என்று கூட்டம் யோசிக்கும்போதே பாதி வேலை முடிந்துவிடும். 2007-ல் ஹெச்பிஓ அவர்களை வைத்து ஒரு தொடர் எடுத்தது. அதில் வரும் கான்கார்ட்ஸ், நியூயார்க்கில் கிட்டத்தட்ட காலியாகக் கிடக்கும் இடங்களில் பாடிக்கொண்டிருப்பார்கள். மெல் என்ற ஒரே ஒரு ரசிகை மட்டும் விடாமல் வருவாள். கவனிக்காத கூட்டத்தையே கதையாக்கி, அதை வைத்துக் கூட்டம் சேர்த்தவர்கள்.

வாளியில் விழும் காசு

ஆகஸ்ட் மாதம் எடின்பரோ நகரம் முழுக்க ஃபிரிஞ்ச் கலைவிழா நடக்கும். அங்கே மேடை கிடைக்க வாடகை கொடுக்க வேண்டும். நிகழ்ச்சி நடத்திவிட்டுக் கடனோடு ஊர் திரும்பும் கலைஞர்கள் ஏராளம். 1996-ல் பீட்டர் பக்லி ஹில் என்ற நகைச்சுவைக்காரர், இவரும் சிரிப்புப் பாட்டு பாடுகிறவர்தான், டிக்கெட்டே இல்லாமல் ஒரு பப்பில் நிகழ்ச்சி நடத்தினார். அதிலிருந்து ‘ஃப்ரீ ஃபிரிஞ்ச்’ வளர்ந்தது. இன்று பப்களின் பின்னறைகளில், நிலவறைகளில், காலை முதல் நள்ளிரவுவரை இலவச நிகழ்ச்சிகள். உள்ளே வரக் காசு இல்லை. முடிந்ததும் கலைஞர் வாசலில் ஒரு வாளியோடு நிற்பார். பிடித்திருந்தால் போடலாம்.

இலவசம் என்பதற்கு ஒரு விலை உண்டு. டிக்கெட் வாங்கியவர், காசு போட்டுவிட்டோமே என்றாவது கேட்பார். இலவசமாக வந்தவர் பாதியில் எழுந்து போகலாம். மழைக்கு ஒதுங்கியவரும் வருவார், எடின்பரோவில் மழைக்குப் பஞ்சம் இல்லை. அதனால் கடைசிப் பாட்டுக்கு முன்பே வாளியைப் பற்றிப் பேசிவிட வேண்டும். முடிந்த பிறகு பேசினால் பாதிப்பேர் படியேறிவிடுவார்கள். சில்லறையாகப் போடாமல் நோட்டாகப் போடச் சொல்ல வேண்டும், கேட்பது பிச்சையாகவும் தெரியக் கூடாது, மிரட்டலாகவும் தெரியக் கூடாது. சிலர் இதற்கென்றே ஒரு பாட்டு வைத்திருக்கிறார்கள். காசைப் பற்றி நேராகப் பேசினால் கூட்டம் சிரிக்கும் என்று ஆல்டர்ஷாட் பையனுக்கு ஐந்து வயதில் தெரிந்தது.

பறந்துபோன வார்த்தைகள்

ஹன்னாவின் குரல் திரும்பவே இல்லை. தையல் வேலை பார்த்தார். 1896-ல் பிள்ளைகளோடு லாம்பெத் ஏழைகள் விடுதியில் சேர வேண்டிவந்தது. பிறகு மனநலம் கெட்டு மருத்துவமனைகளில் இருந்தார். மகன் உலகப் புகழ் பெற்ற பிறகு, 1921-ல், அவரை கலிஃபோர்னியாவுக்கு அழைத்துக்கொண்டார். அங்கேயே 1928-ல் இறந்தார்.

அவர் இறப்பதற்கு முந்தைய வருடம்தான் சினிமா பேச ஆரம்பித்தது. உலகமே பேசும் படத்துக்குத் தாவியபோதும் சாப்ளின் வாயைத் திறக்கவில்லை. 1936-ல் வந்த ‘மாடர்ன் டைம்ஸ்’ படத்தில்தான் முதன்முறையாகத் திரையில் அவர் குரல் கேட்டது. எந்த இடத்தில் என்று பாருங்கள். ஒரு கஃபே. மேஜைகளில் ஜனங்கள் குடித்துக்கொண்டும் பேசிக்கொண்டும் இருக்கிறார்கள். அவருக்கு வேலை, பரிமாறுவதும் பாடுவதும். பரிமாறுவதில் ஏற்கெனவே சொதப்பியாயிற்று. பாட்டின் வரிகள் மனசில் நிற்காததால், அவருடன் இருக்கும் பெண் அவற்றைச் சட்டையின் மணிக்கட்டுப் பட்டையில் எழுதிக்கொடுக்கிறாள்.

கம்பீரமாகக் கைகளை விரித்து ஆடிக்கொண்டே கூடத்துக்குள் வருகிறார். விரித்த வேகத்தில் பட்டைகள் கழன்று பறந்துவிடுகின்றன. அவருக்கு அது தெரியாது. பாட ஆரம்பிக்கும் இடத்தில் கையைப் பார்க்கிறார், ஒன்றும் இல்லை. தரையில் தேடுகிறார். வாத்தியக்காரர்கள் அதே முன்னிசையைச் சுற்றிச் சுற்றி வாசிக்கிறார்கள். கூட்டம் பொறுமை இழக்கிறது. ஓரத்தில் நிற்கும் அந்தப் பெண், வார்த்தையை விடு, பாடு என்று ஜாடை காட்டுகிறாள்.

அவர் பாடுகிறார். பிரெஞ்சுபோல, இத்தாலியன்போல, எந்த மொழியும் இல்லாத வெற்று ஓசைகள். ஆனால் கையும் கண்ணும் இடுப்பும் கதை சொல்கின்றன. ஒரு பருத்த பணக்காரன், ஓர் இளம்பெண், ஒரு மோதிரம். ஒரு வார்த்தைகூடப் புரியாத கூட்டம் வயிறு குலுங்கச் சிரிக்கிறது. முதலாளி ஓடிவந்து கையைக் குலுக்கி, உனக்கு வேலை நிரந்தரம் என்கிறார்.

அந்தச் சந்தோஷம் சில நிமிடம்தான். அந்தப் பெண்ணைப் பிடித்துப்போக அதிகாரிகள் வந்து நிற்கிறார்கள். இருவரும் நாற்காலிகளைத் தள்ளிவிட்டுக் கதவு வழியாக ஓடுகிறார்கள்.